என் தம்பி பள்ளிக்கூடம் ஓட்டுகிறான்

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீ, அத்தான், எதற்கெடுத்தாலும் கேட்டுக்கொண்டே இருப்பதால் கேள்வி என்று நாம் பேர் வைத்த உன் குட்டி, எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தானுக்கு இடுப்பு வலி குறைந்ததா? அத்தானுடைய அக்காவின் முழங்காலையும் நான் விசாரித்ததாகச் சொல்.

கடைசியில் எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. ஜெராக்ஸ் கடையை மூடியபோது "இவன் உருப்பட மாட்டான்" என்று யார் யார் சொன்னார்களோ எல்லாரிடமும் சொல்லிவிடு. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்றே நடத்துகிற தனியார் பள்ளிக்கூடம். சும்மா கெட்டிக்காரத்தனம் இல்லை. பரீட்சை வைத்து, தேறினவர்களுக்கு இன்னொரு பரீட்சை வைத்து, வடிகட்டி எடுத்த பிள்ளைகள். நான் வேலைக்குச் சேர்ந்த மறுநாளே எட்டு வயதுப் பையன் ஒருவன் என்னிடம் வந்து, "அங்கிள், நேத்து இருந்த நீங்களும் இன்னிக்கு இருக்கிற நீங்களும் ஒரே ஆள்தானா?" என்று கேட்டான். நான் குனிந்து சட்டையைப் பார்த்துக்கொண்டேன். அதே சட்டைதான். ஆமாம் என்றேன். அவனுக்குத் திருப்தி இல்லை.

இங்கே வண்டி ஓட்டுகிறேன். பிள்ளைகள் எல்லாம் என் பொறுப்பு. சாப்பாடு விடுதியிலேயே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தம்பி


ஜூன் 19

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். இங்கே எல்லாரும் நலம். அத்தானுக்கு இடுப்பு பரவாயில்லை, டயர் கடையில் குனிந்து நிமிர்வதுதான் சிரமம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தை அண்ணிதான், அதாவது அத்தானின் அக்காதான், கூடத்தில் உட்கார்ந்து எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார்கள். இந்த வீட்டுக்கு வருகிற கடிதம் எல்லாவற்றையும் அவர்கள்தான் வாசிப்பார்கள், இங்கிருந்து போகிற கடிதத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும்தானே. எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாது என்கிற அக்கறை.

"ஏதோ வண்டி ஓட்டுகிறேன்" என்று எழுதியிருக்கிறாயே, கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பெரிய இடத்தில் இருந்துகொண்டு இவ்வளவு அடக்கம். அண்ணிக்குத்தான் ஒரு சந்தேகம். "என்ன உத்தியோகம்னு எழுதலையே?" என்றார்கள். "பிள்ளைங்க எல்லாம் அவன் பொறுப்புன்னு எழுதியிருக்கானே, இதுக்கு மேல என்னத்த எழுதுவான்?" என்று சொல்லிவிட்டேன்.

நம் கேள்வியை மறுபடி வகுப்புக்கு வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். எழுபது, எண்பது வரைக்கும் ஒழுங்காக வந்துவிட்டு அதற்கப்புறம் தொண்ணூறு எப்படி வரும் என்று கேட்டிருக்கிறாள். "நூறு இன்னும் வரவே இல்லையே டீச்சர், அதுக்குள்ள நூறு எப்படி உள்ள நுழைஞ்சுது?" டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த வருஷம் அவள் வகுப்பை விட வராந்தாவில்தான் அதிகம் படித்திருக்கிறாள்.

காலாகாலத்தில் தூங்கு.

உன் அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. எல்லாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு இரண்டு நாள் ஜலதோஷம், போய்விட்டது.

நீ ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாய். "ஏதோ" என்ற சொல்லை நான் எழுதவே இல்லை. வண்டி என்றால் வண்டிதான். நாலு சக்கரம் இருக்கிறது. ஸ்டீயரிங் என் கையில் இருக்கிறது.

நம் கேள்வி டீச்சரிடம் கேட்டதை இங்கே பிள்ளைகளிடம் சொன்னேன். நான் கால்குலேட்டர் என்று பேர் வைத்திருக்கிற பையன் அழுதே விட்டான். தொண்ணூறையும் தொள்ளாயிரத்தையும் இத்தனை நாள் கவனிக்காமல் விட்டுவிட்டோமே என்று. அன்று பள்ளிக்கூடம் போய்ச் சேருகிற வரைக்கும் ஒரே சண்டை. அக்கா, அந்தப் பிள்ளை இருக்க வேண்டிய இடம் இதுதான். செப்டம்பரில் பரீட்சை. தேறிவிட்டால் விடுதி, சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அத்தானிடம் பேசு.

அத்தானுக்கு என் வணக்கம். முழங்காலுக்கும்.

உன் தம்பி


ஜூலை 15

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். ஜலதோஷத்தை அலட்சியம் செய்யாதே, வெந்நீர் குடி. இங்கே சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை.

"ஸ்டீயரிங் என் கையில்" என்று நீ எழுதியிருந்ததை அண்ணி இரண்டு தரம் வாசித்தார்கள். "அப்ப நிர்வாகமே இவன் கையிலதான் இருக்கா?" என்று கேட்டார்கள். நான் தலையாட்டினேன்.

நீ சொன்ன பரீட்சையைப் பற்றிப் பேச்சு வந்தது. அத்தான் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. அண்ணிதான், "பொட்டப் புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்புறதா? அங்க நம்ம ஆளு ஒருத்தர் பெரிய பொறுப்புல இருந்தா யோசிக்கலாம்" என்றார்கள். நல்லவேளையாக நம்ம ஆள் ஒருத்தன் பெரிய பொறுப்பிலேயே இருக்கிறான். என்ன சொல்கிறேன் என்று புரிகிறதா தம்பி? இந்தக் கடிதத்தை நன்றாகப் படி. இரண்டு முறை படி.

உன் அக்கா


ஜூலை 27

அக்கா,

நலமா என்று அப்புறம் கேட்கிறேன். இரண்டு முறை என்ன, நாலு முறை படித்துவிட்டேன். உனக்கு என்ன ஆயிற்று? நான் டிரைவர். வேன் டிரைவர். பிள்ளைகளை விடுதியிலிருந்தும் வீடுகளிலிருந்தும் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விடுவேன், சாயங்காலம் திருப்பிக் கொண்டுபோய் விடுவேன். அவ்வளவுதான் என் உத்தியோகம். நம்பிக்கை இல்லையென்றால் வேன் பக்கத்தில் நான் நிற்கிற போட்டோவை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன், பார்.

பெரியவர்களிடம் பொய்யாக ஏதாவது சொல்லி வைத்து என்னை மாட்டிவிடாதே. எல்லாரும் நலம்தானே?

தம்பி


ஆகஸ்ட் 5
பல் ஆஸ்பத்திரியிலிருந்து

அடேய் மண்டு,

நலம் கிலம் எல்லாம் கிடக்கட்டும். நான் வேலை செய்கிற இடத்தில், வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எதிரில் மூன்று பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் யாரும் இதை வாசிக்க மாட்டார்கள்.

நீ டிரைவர் என்று எனக்குத் தெரியாதா? உன்னை லைசென்ஸ் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனது யார்? நீ கம்பத்தில் கொண்டுபோய் இடித்தபோது அந்த ஆபீசரிடம் கெஞ்சினது யார்? முதல் கடிதத்தைக் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. உனக்குத்தான் இரண்டு மாதமாக ஒன்றும் புரியவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகளோடு தினம் போய் வருகிறாய், கொஞ்சமாவது ஒட்ட வேண்டாமா?

உன் கடைசிக் கடிதம் வந்த அன்று எனக்கு உயிரே போய்விட்டது. கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, நாத்தனாரின் கண்ணாடியை எடுத்துச் சர்க்கரை டப்பாவுக்குள் போட்டேன். அவர்கள் வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தபோது, "நான் வாசிக்கிறேன் அண்ணி" என்று வாங்கிக்கொண்டேன். டிரைவர் என்று நீ எழுதியிருந்ததை எல்லாம் டைரக்டர் என்று வாசித்தேன். போட்டோவைக் காட்டி, பள்ளிக்கூடத்து வண்டி முன்னால் நிற்கிறான் என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இப்போது தெரு முழுக்க நீ டைரக்டர்.

ஏன் இதெல்லாம் என்று கேட்பாய். போன வெள்ளிக்கிழமை கேள்வி பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வைத்துவிட்டு, "அம்மா, இனிமே நான் யார்கிட்டயும் எதுவும் கேக்கலை" என்றாள். அழவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அதிலிருந்து வெளியே ஒன்றும் கேட்பதில்லை. வீட்டில் அவள் அப்பாவிடம் மட்டும் ஏதோ முணுமுணுக்கிறாள். இன்னும் ஒரு வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தால் அதுவும் நின்றுவிடும்.

மனசில் இருப்பதை ஆஸ்பத்திரி விலாசத்துக்கு எழுது. வீட்டு விலாசத்துக்கு டைரக்டர் எழுதட்டும்.

பல் பிடுங்கினவர் வெளியே வருகிறார், அவரைக் கவனிக்க வேண்டும்.

அக்கா


ஆகஸ்ட் 16

பேரன்புள்ள அக்கா, மதிப்பிற்குரிய அத்தான், பெரிய அண்ணி, எல்லாருக்கும்,

பணிவான வணக்கம். நான் நல்ல சுகம். உங்கள் எல்லாருடைய இடுப்பும் முழங்காலும் குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

இங்கே எனக்கு ஓய்வே இல்லை. நான் வந்து சேராவிட்டால் காலையில் பள்ளிக்கூடம் தொடங்காது. நான் எப்போது வருவேன் என்று பிரின்சிபால் அம்மாவே கேட்டில் நின்று வழி பார்ப்பார்கள். எந்தப் பிள்ளை எங்கே உட்கார வேண்டும் என்பதை முடிவு செய்வது நான்தான். அதில் வேறு யாரும் தலையிட முடியாது. நான் நிறுத்தினால் எல்லாம் நிற்கும், நான் கிளப்பினால்தான் எல்லாம் நகரும். பிள்ளைகளை எந்த வழியில் கொண்டுபோவது என்று தினமும் யோசிக்கிறேன். பாதை தவறிவிடக் கூடாது என்கிற கவலை எப்போதும் உண்டு. பின்னால் என்ன நடக்கிறது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு கண் இருக்கும்.

பிரின்சிபால் அம்மா தினமும் மாலை என்னோடுதான் திரும்புகிறார்கள். பல விஷயங்களை என்னிடம் மனம் விட்டுப் பேசுவார்கள்.

என் மருமகள் பரீட்சை எழுத வந்தால், அவளைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பது என் பொறுப்பு. இதை மட்டும் எந்த ஜோடனையும் இல்லாமல் சொல்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
தம்பி


செப்டம்பர் 3
பல் ஆஸ்பத்திரியிலிருந்து

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இரு, அடுத்த மூன்று வாரத்துக்காவது.

உனக்குள் இப்படி ஒரு ஆள் ஒளிந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. நாத்தனார் அந்தக் கடிதத்தை மடித்துப் பையிலேயே வைத்திருக்கிறார்கள். போகிற இடமெல்லாம் எடுத்துப் படிக்கிறார்கள். "பின்னால் என்ன நடக்கிறது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு கண்" என்ற இடத்தில், "நிர்வாகின்னா இப்படி இருக்கணும்" என்றார்கள். நான் அடுப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

அத்தான் மட்டும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பரீட்சைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். சேர்க்கிறேன் என்று சொல்லவில்லை. நாத்தனாரும் கூட வருகிறார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. அந்த வாரம் டாக்டரே தன் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறார்.

ஸ்டேஷனுக்கு நீதான் வண்டி எடுத்து வரவேண்டியிருக்கும் என்று தெரிகிறது. டைரக்டர் அன்பு மிகுதியால் தானே வந்தார் என்று இருக்கட்டும். போட்டோவில் உன் சட்டைப் பாக்கெட்டில் டிரைவர் என்று தைத்திருந்ததைப் பார்த்தேன். அவர்களிடம் காட்டும்போது அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டேன். அன்றைக்குப் பாக்கெட்டில் ஒரு கைக்குட்டையைத் தொங்கவிடு. பெரிதாகப் பார்த்து வாங்கு.

அக்கா


செப்டம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம் என்று சொல்ல முடியாது, உயிரோடு இருக்கிறேன். அவர்கள் பத்திரமாக வந்து சேர்ந்திருப்பார்கள். ஆஸ்பத்திரி விலாசத்துக்குத்தானே இது போகிறது, நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கைக்குட்டை தொங்கவிட்டிருந்தேன். அண்ணி என்னைப் பார்த்ததும், "டைரக்டரே வந்துட்டாரு" என்று ஸ்டேஷன் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்கள். வேனுக்குள் கால்குலேட்டர் இருந்தான். "டைரக்டர் யாரு?" என்று கேட்டான். "இவருதாம்ப்பா" என்றார்கள் அண்ணி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "டைரக்‌ஷன் பார்த்துக் கொண்டு போறவரு. அப்ப டைரக்டர்தான். சரியா வருது" என்றான். அவனுக்கு என் ஆயுளில் பாதியைக் கொடுக்கலாம்.

நம் பிள்ளை அத்தான் மடியில், எனக்குப் பக்கத்து சீட்டில். இரண்டாவது திருப்பத்தில் வாந்தி எடுத்துவிட்டாள். அத்தான் சட்டென்று கையை நீட்டி என் பாக்கெட்டில் இருந்த கைக்குட்டையை உருவி அவள் வாயைத் துடைத்தார். எனக்கு முன்னால் ரோடே தெரியவில்லை. அப்புறம் அவர் என்ன செய்தார் தெரியுமா? தன் கைக்குட்டையை எடுத்து, உதறி, என் பாக்கெட்டில் அதே மாதிரி தொங்கவிட்டார். எழுத்தைப் பார்த்தாரா இல்லையா என்று எனக்குப் புரியவில்லை. பார்த்திருந்தால் எதற்காகத் தொங்கவிட வேண்டும்?

பரீட்சையில்தான் சிக்கல். எழுத்துப் பரீட்சை நன்றாக எழுதிவிட்டாளாம். நேரில் பேசும்போது வாயே திறக்கவில்லை. "உனக்கு ஏதாவது கேக்கணுமா?" என்று பிரின்சிபால் அம்மா கேட்டதற்கு, "கேக்க மாட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்றாளாம். எனக்கு மனசே விட்டுப்போயிற்று.

சாயங்காலம் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். பிரின்சிபால் அம்மா என் பின் சீட்டில். அண்ணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு காலும் போச்சு, ரெண்டு காலும் போச்சு" என்று முனகிக்கொண்டே வந்தார்கள். கேள்வி ரொம்ப நேரம் அடக்கிப் பார்த்தாள். அப்புறம் அப்பா காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்: "அப்பா, கால்னா நாலுல ஒரு பங்குதானே? அத்தைக்கு ரெண்டு கால். ரெண்டையும் சேர்த்தா அரை. நாற்காலிக்கு நாலு கால் இருக்கு, அது முழுசு. அப்ப உக்காந்திருக்கிற அத்தையை விட நாற்காலிதான் முழுசா?"

வேனுக்குள் ஒரே கூச்சல். கால்குலேட்டர் சீட்டில் ஏறி நின்றுவிட்டான். அப்படியானால் மேஜைகூட முழுசு என்றான் ஒருவன். ஆட்டுக்குட்டியும் முழுசு என்றாள் ஒருத்தி. பிரின்சிபால் அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அண்ணிக்குத்தான் கோபம். "டைரக்டர் முன்னால பேசுற பேச்சா இது?" என்றார்கள்.

அத்தான் கடைசி வீடு வரைக்கும் கூட வந்தார். ஒவ்வொரு பிள்ளையையும் இறக்கிவிட்டு, கதவு திறந்து உள்ளே போகிற வரைக்கும் நான் வண்டியைக் கிளப்ப மாட்டேன். அதையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது குனிந்து பார்த்து, "டயர் நல்லா இருக்கு" என்றார். அன்று முழுக்க அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

தம்பி


அக்டோபர் 14
பல் ஆஸ்பத்திரியிலிருந்து

அன்புத் தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. கேள்வியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நாத்தனாருக்குத் தலைகால் புரியவில்லை, "டைரக்டர் கையெழுத்துப் போட்டா கிடைக்காம இருக்குமா?" என்கிறார்கள். அனுப்பலாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

அத்தான்தான் பேசமாட்டேன் என்கிறார். கடிதத்தை வாங்கிப் படித்தார், சட்டைப்பையில் வைத்தார், கடைக்குப் போனார். பத்து நாளாகிறது. சம்மதம் என்று எழுதி அனுப்பினால்தான் இடம் நிலைக்கும். நான் கேட்டால், "பாக்கலாம்" என்கிறார். அவர் பார்த்துவிட்டார், மண்டு. அந்தக் கைக்குட்டையை அவர் வேறு எதற்காகத் தொங்கவிட்டிருப்பார்? இத்தனை நாள் அவரை ஏமாற்றிவிட்டோம் என்று நினைத்து மனசுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறார். என் புத்தியால் என் பிள்ளையின் இடம் போகப் போகிறது.

பொய்யைக் கட்டிக்கொண்டு என்னால் இனி அழ முடியாது. இன்றைக்கோ நாளைக்கோ அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். திட்டினால் வாங்கிக்கொள்வேன். உன்னைப் பற்றிக் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுவேன், தப்பாக நினைக்காதே.

அக்கா


அக்டோபர் 22

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அங்கே நீங்கள் நலமா? எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன், பேப்பரில் கரி ஒட்டியிருந்தால் மன்னிக்கவும்.

நீங்கள் வண்டி ஓட்டுகிறவர் என்பது முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரியும். தபால்காரர் கடையில்தான் கொடுத்துவிட்டுப் போவார், நான் பிரித்துப் படித்துவிட்டு, பஞ்சர் பசையால் ஒட்டித்தான் வீட்டுக்குக் கொண்டுபோவேன். நீங்கள் தெளிவாகத்தான் எழுதியிருந்தீர்கள். உங்கள் அக்கா ஒரு வாரமாக என்னிடம் ஏதோ சொல்ல வருகிறாள். நான் உடனே வெளியே கிளம்பிவிடுகிறேன். சொல்லிவிட்டால் நான் என் அக்காவிடம் சொல்ல வேண்டிவரும். சொல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. என் அக்கா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து, ஏன் எறும்பு மொய்க்கிறது என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியும் என்று உங்கள் அக்காவிடம் நீங்களும் சொல்ல வேண்டாம். அவள் ரொம்பப் பாடுபட்டிருக்கிறாள்.

சம்மதம் என்று பள்ளிக்கூடத்துக்கு இன்று எழுதிப் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். டைரக்டரா டிரைவரா என்பது எனக்கு ஒரு விஷயமே இல்லை. கதவு திறக்கிற வரைக்கும் வண்டியைக் கிளப்பாமல் நிற்கிறீர்கள், அது போதும்.

நான் இத்தனை நாள் பேசாமல் இருந்ததற்குக் காரணம் வேறு. தினமும் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்பாள். எனக்குப் பதில் தெரியாது. யோசித்துச் சொல்கிறேன் என்பேன். மறுநாள் டயருக்குக் காற்று அடிக்கும்போதும் பஞ்சர் ஒட்டும்போதும் அதையே யோசிப்பேன். சாயங்காலம் எனக்குத் தோன்றியதைச் சொல்வேன். பாதி தப்பாக இருக்கும் என்று எனக்கே தெரியும். ஆனாலும் உன்னிப்பாகக் கேட்பாள். அவள் போன பிறகு நான் கடையில் எதை யோசிப்பேன் என்று நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை மச்சான். வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதுதான் இத்தனை நாள் தாமதம்.

வகுப்பில் கேட்டால் படித்தவர்கள் பதில் சொல்லட்டும், அது அவர்கள் வேலை. வண்டியில் வரும்போது உங்களிடம் ஏதாவது கேட்டால் மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். தெரிந்தாலும் தெரியாது என்று சொல்லுங்கள். அப்பாவுக்கு எழுதிக் கேள் என்று சொல்லுங்கள். நான் யோசித்து எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அத்தான்